பழைய செங்கல் புகைபோக்கி: லைனர் போடுவதா, இடித்துக் கட்டுவதா, மூடிவிடுவதா?

ரொறன்ரோவின் ஈஸ்ட் யோர்க் பக்கம் இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு கட்டிய சின்ன வீடுகள் நிறைய. வாங்கும்போது சமையலறையைப் பார்ப்போம், பேஸ்மென்ட்டை மோந்து பார்ப்போம். வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் செங்கல் புகைபோக்கியை யார் பார்க்கிறார்கள்? எங்கள் வீட்டில் அதன் அடியிலுள்ள இரும்புக் கதவைத் திறந்தபோது ஒரு வாளி சுடுமண் சில்லும் ஈரமான சாந்து மணலும் கொட்டின. வெளியே பார்த்தால், செங்கல் முழுக்க உப்புப் பூத்து, முகம் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

மூன்று பேரைக் கூப்பிட்டோம். ஒருவர் ஸ்டீல் லைனர் (புகைவழிக்குள் இறக்கும் உட்குழாய்) என்றார், ஒருவர் உள்ளே வார்க்க வேண்டும் என்றார், மூன்றாமவர் கூரைக்கு மேலே இடித்துக் கட்டச் சொன்னார். அவரவர் பையில் இருந்ததுதான் மருந்து. “இந்தப் புகைபோக்கியில் இப்போது எது புகை விடுகிறது?” என்று ஒருவரும் கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

எங்களுக்கு முன்னிருந்தவர் வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸை எடுத்துவிட்டு, பக்கச்சுவர் வழியாக பிளாஸ்டிக் குழாயில் புகை விடும் புது ஃபர்னஸ் வைத்திருந்தார். புகைபோக்கியில் மிஞ்சியது வாட்டர் ஹீட்டர் மட்டும். தொழில்காரர்கள் இதை ‘அநாதை ஹீட்டர்’ என்பார்கள். எரிவாயு எரியும்போது நீராவியும் வரும். ஃபர்னஸ், ஹீட்டர் இரண்டுக்குமென்று கட்டிய அகலமான புகைவழியில் ஒரு ஹீட்டரின் சொற்பச் சூடு மேலே போய்ச் சேருமுன்பே ஆறிவிடும். நீராவி உள்சுவரில் வியர்த்து, அமிலத்தோடு சாந்தைத் தின்னும். செங்கலுக்குள் ஊறிய தண்ணீர் ஜனவரிக் குளிரில் உறைந்து விரியும்போது செங்கலின் முகம் தெறிக்கும். அகலம் பிழை, செங்கலை மட்டும் மாற்றினால் சில குளிர்காலத்தில் திரும்ப இதே கதைதான்.

இந்த நிலைமைக்கு அலுமினிய லைனரே போதும், விலையும் குறைவு. ஆனால் எரிவாயுவுக்கு மட்டும். அதில் விறகடுப்பைப் பொருத்தினால் முதல் புகைபோக்கித் தீயிலேயே உருகிவிடும்.

விறகு எரிக்க வேண்டும் என்பவர்களுக்கு என் வாக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனருக்கு. அதுவும் சுற்றிலும் வெப்பக் காப்புப் போர்வை சுற்றியதற்கு. பழைய புகைபோக்கிக்குள் இறக்கும் லைனருக்குக் கனடாவில் யுஎல்சி எஸ்635 என்ற தரச்சான்று இருக்கிறது. குழாயில் அந்த முத்திரையைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். போர்வையை வீண்செலவென்று தள்ளிவிடுவார்கள், விடாதீர்கள். குழாய் குளிர்ந்தால் புகை கிரியோசோட்டாக, அதாவது எரியக்கூடிய தார்ப்படிவாக, உள்ளே ஒட்டும்; அது தீப்பிடித்தால் வெப்பம் 1,000 பாகை செல்சியஸைத் தாண்டலாம். செங்கலுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே, வீட்டுக்குள் நிற்கும் புகைபோக்கி என்றால் 50 மில்லிமீட்டரும், வெளிச்சுவரில் நிற்பது என்றால் 12 மில்லிமீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது கட்டட விதி. பழைய வீடுகளில் மரம் செங்கலோடு முட்டிக்கொண்டே நிற்கும். அங்கே அந்தப் போர்வைதான் காவல்.

சிக்கல் இடத்தில்தான். 6 அங்குல லைனருக்கு அரை அங்குலப் போர்வை சுற்றினால் 7 அங்குலம். பழைய புகைபோக்கிக்குள் இருக்கும் ‘எட்டுக்கு எட்டு’ சுடுமண் குழாயின் உள்வாயும் ஏறக்குறைய அவ்வளவுதான். இறங்காது. ஒன்று பழைய சுடுமண்ணை உள்ளேயே உடைத்து எடுக்க வேண்டும்; அல்லது, அடுப்பின் கையேடு அனுமதித்தால், சின்ன லைனர். விலை சொல்லும்போது இந்த உடைப்புக் கூலியைச் சேர்த்தாரா என்று கேளுங்கள். எங்களிடம் வந்தவர் சேர்க்கவில்லை.

வார்ப்பு லைனர் பார்க்க அழகான வித்தை. நீளமான ரப்பர் பையைப் புகைவழியில் தொங்கவிட்டு ஊதி, அதைச் சுற்றித் தீத்தாங்கும் கலவையை ஊற்றி, இறுகியதும் பையை உருவிவிடுவார்கள். தளர்ந்த செங்கலுக்கு உள்ளிருந்து முதுகெலும்பு கிடைக்கிறது, வளைந்த வழிக்கும் பொருந்துகிறது. ஆனால் கைச்செலவு அதிகம், பின்னால் பிழை தெரிந்தால் கழற்றவும் முடியாது. புகைபோக்கி நடுவில் தள்ளாடுகிறது, ஆனாலும் இடிக்க மனமில்லை என்றால் மட்டும் இது.

சுடுமண் குழாய் கெட்ட பொருள் அல்ல; விதியே 1,100 பாகை தாங்க வேண்டும் என்கிறது. ஆனால் நிற்கிற புகைபோக்கிக்குள் புதிதாக அடுக்குவதென்றால் சுவரை இடத்துக்கிடம் திறக்க வேண்டும். அடியிலிருந்து புதிதாகக் கட்டினால் தாராளமாகப் போடலாம்.

கூரைக்கு மேலே இடித்துக் கட்டுவது வேறு கணக்கு. வெயில், மழை, பனி எல்லாம் படுவது அந்தத் துண்டில்தான். பொரிந்தால் கட்டத்தான் வேண்டும். கூரையைத் தொடும் இடத்திலிருந்து 900 மில்லிமீட்டர், 3 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் கூரையைவிட 600 மில்லிமீட்டர் உயரம் இருக்கிறதா என்று அப்போதே அளந்துவிடலாம். கீழே மிஞ்சுகிற பழைய மெதுச் செங்கலுக்கு மட்டும் கட்டிச் சிமென்ட்டால் பாயின்டிங் (செங்கல் இடுக்குகளில் சாந்து பூசுவது) செய்ய விடாதீர்கள். சுண்ணாம்பு கலந்த மெதுவான சாந்துதான் அதற்கு ஏற்றது. சாந்து செங்கலைவிடக் கடினமாக இருந்தால், உடைவது செங்கல்.

விறகடுப்பு வைக்க நகராட்சி பெர்மிட் வேண்டும். காப்புறுதிக்காரரும் பெரும்பாலும் வெட் (WETT) எனும் விறகடுப்புத் தொழிற்சான்றிதழ் பெற்றவரின் அறிக்கை கேட்பார். எரிவாயு வேலையை ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையமான டிஎஸ்எஸ்ஏவில் பதிவுள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நாங்கள் செய்தது? ஹீட்டரையும் பக்கச்சுவர் வழி புகை விடுவதாக மாற்றினோம். புகைபோக்கியைக் கூரைக்குக் கீழே வரை இறக்கி, மேலே பலகையும் ஓடும் போட்டு மூடினோம். லைனர் எதுவும் வாங்கவில்லை. மாமாவுக்கு மட்டும் வருத்தம். வீட்டின் களை போய்விட்டதாம்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கையறைப் பக்கம் விட்டிருக்கிறோம். 2008இல் ஒன்ராறியோவின் வுட்ஸ்டாக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நாலு பேர் இறந்தார்கள். ஒன்ராறியோவின் 2013ஆம் ஆண்டு கார்பன் மோனாக்சைடு பாதுகாப்புச் சட்டம் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது.