ரத்தசோகைக்கு மரபணுப் பரிசோதனை: பேனலா, எக்ஸோமா?

மகளுக்கு எட்டாவது மாதத்திலிருந்து மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். எங்கள் இருவருக்கும் எடுத்த ஹெச்பிஎல்சியில் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பரம்பரை ரத்தசோகையான தலசீமியாவின் சாயலே இல்லை, இரும்புச்சத்து டானிக்கும் ஊற்றிப் பார்த்தாகிவிட்டது. அப்புறம்தான் டாக்டர் மரபணுப் பரிசோதனைப் பேச்சை எடுத்தார். பேனல் என்றால் சந்தேகப்படும் சில மரபணுக்களை மட்டும் படிப்பது; எக்ஸோம் என்றால் ஏறக்குறைய எல்லா மரபணுக்களிலும் புரதத்துக்கான பகுதிகளைப் படிப்பது.

விலையில் பேனல் மலிவு. ரத்தம் எடுப்பது இரண்டுக்கும் ஒன்றுதான், பெரம்பூர் வீட்டுக்கே வந்து ஊதா மூடிக் குழாயில் எடுத்துப் போனார்கள்.

அப்பா, பாட்டி என்று வரிசையாகக் காமாலை, மண்ணீரல் எடுத்த கதை, ஸ்மியரில் (கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ரத்தத்தில்) உருண்டை உருண்டையாகச் சிவப்பணு என்றிருந்தால் பேனலே போதும். எங்களுக்கு அப்படி ஒரு துப்பும் இல்லை. மனைவி என் மாமா பெண் என்பது ஒன்றுதான் துப்பு. நெருங்கிய சொந்தம் என்றால் ஒரே மரபணுப் பழுது இருவரிடமும் மறைந்திருக்கலாம், எந்த மரபணு என்றுதான் தெரியாது. அதனால் எக்ஸோம்.

ரிப்போர்ட்டில் ஜிபிஐ என்ற மரபணுவில் ஒரே மாற்றம், இரண்டு பிரதியிலும். ஆனால் பக்கத்தில் 'வியுஎஸ்', அதாவது கெடுதலா இல்லையா என்று சொல்ல முடியாத வகை. அந்த ஜிபிஐ, சிவப்பணுவுக்குத் தேவையான ஒரு என்சைமுக்கான மரபணு. எங்களுக்குச் சொன்ன சிவப்பணுச் சவ்வு பேனலில் அது இல்லவே இல்லை. மகளின் என்சைமை அளந்து பார்க்கலாம் என்றால், அவள் உடம்பில் ஓடுவது பாதி கொடையாளர் ரத்தம், அதனால் குறை இருந்தாலும் அளவு இயல்பாக இருப்பதுபோலவே காட்டிவிடும். ஆகவே எங்கள் இருவருக்கும் அளந்தார்கள், இருவருக்கும் கிட்டத்தட்ட பாதிதான், அதாவது ஆளுக்கு ஒரு பிரதி பழுது என்பதற்குப் பொருந்துகிறது. அதை வைத்து, மறுபடி ஊசி குத்தாமல், பழைய தரவையே திரும்பப் படித்து 'பெரும்பாலும் நோய் தருவது' என்று மாற்றிக் கொடுத்தார்கள்.

நான் எக்ஸோம் பக்கம் சாய்வதற்கு இந்த மறுவாசிப்புதான் காரணம். பேனலில் படிக்காத மரபணுவைப் பின்னால் படிக்க வேண்டுமென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், பணமும் மறுபடி. எக்ஸோமில் தரவு கையில் இருக்கிறது, நாளை புதிதாக ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தாலும் அதில் தேடலாம். ஆனால் மூலக் கோப்புகளை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். எங்களுடையது பென்டிரைவில், பீரோவில் தடுப்பூசி அட்டையோடு கிடக்கிறது.

எக்ஸோமுக்கும் ஓட்டை உண்டு. ஆல்பா தலசீமியாவில் மரபணுவே துண்டாகக் காணாமல் போயிருந்தால் அது கோட்டை விடலாம், அதற்குத் தனி டெஸ்ட். டிஎன்ஏ முழுவதையும் படிக்கும் முழு ஜீனோம் பரிசோதனையை நாங்கள் எடுக்கவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

மனைவி மறுபடி கர்ப்பம், இப்போது பத்தாவது வாரம். வியுஎஸ்ஸை நம்பிக் கருவில் பரிசோதிக்க மாட்டார்கள். அது மாறிவிட்டதால், அடுத்த வாரம் நஞ்சுக்கொடியில் மாதிரி எடுக்க நாள் கொடுத்திருக்கிறார்கள்.