ஆடியில் வரச் சொன்ன நாற்றுப்பண்ணை

மாடித் தோட்டம் போட்ட இந்த நான்கு ஆண்டுகளில் நான் வைத்த செடிகளில் பெரும்பாலானவை அழகர்கோவில் சாலையோரத்துச் சிறிய நாற்றுப்பண்ணை ஒன்றில் வாங்கியவை. முதன்முறை, சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு தக்காளி நாற்றுக் கேட்டுப் போனபோது, பண்ணையை நடத்தும் அம்மா, "இந்த வெயிலுக்குப் பூவெல்லாம் கொட்டிப்போகும், ஆடியில் வாருங்கள்" என்று சொல்லி ஒரு நாற்றுகூடத் தரவில்லை. மனம் சுணங்கி வேறொரு கடையில் வாங்கி வைத்த பத்துச் செடிகளும் அக்கினி நட்சத்திரத்தில் பிஞ்சு பிடிக்காமல் பூவுதிர்த்து நின்றபோதுதான் அவர் சொன்னது விளங்கியது. அன்று முதல் கோடையைத் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கும் காலமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

ஆடி பிறந்ததும் குழித்தட்டுகளில் கத்தரியும் மிளகாயும் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது, பள்ளி திறக்கும் நாளின் பரபரப்பு இந்த வயதிலும் வருகிறது. நாற்றுகள் வேர் கலையாமல் கிடைக்கின்றன. ஆடிக்காற்றுக்குச் சாயாமலிருக்க நட்ட அன்றே குச்சி கட்டச் சொல்லி அனுப்புகிறார்கள்.

அவர்களிடம் நான் மிகவும் கடன்பட்டிருப்பது மல்லிகைக்காக. தங்கச்சிமடத்திலிருந்து வரவழைத்த நாற்று அது. நவம்பர் கடைசியில், மழையில் தழைத்துப் பச்சென்று நிற்கும் செடியை மண்ணிலிருந்து ஒரு முழம் மட்டும் விட்டு வெட்டிவிட வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்குக் கை வரவில்லை. முதல் ஆண்டு நுனியை மட்டும் கிள்ளிவிட்டேன். கொடி நீண்டதே தவிர, பூ ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. மறு ஆண்டு அவர் காட்டியபடி வெட்டி, இலை உருவி, தொழுவுரம் இட்டேன். மார்கழி முழுவதும் மொட்டைக் குச்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் தவறு செய்துவிட்டோமோ என்று வருந்தினேன். பங்குனியில் புதுக் கிளைகளின் நுனியெல்லாம் மொட்டு வைத்தது.

குறை என்றால், அவர்கள் விற்கும் மண்கலவையைச் சொல்ல வேண்டும். செம்மண் மிகுதியானதால் ஐப்பசி அடைமழையில் நீர் வடியாமல் இரண்டு மிளகாய்ச் செடிகள் வேரழுகிப் போயின. இப்போது மூன்றில் ஒரு பங்கு தென்னைநார்க் கழிவை நானே கலந்துகொள்கிறேன். விலை நியாயமானது. ஆடி மாத ஞாயிறுகளில் கூட்டம் நெரிவதால், வார நாளில் காலை 8 மணிக்குள் போனால் அந்த அம்மாவிடம் நின்று நிதானமாகக் கேட்டு வாங்கலாம்.