சிப் படிக்கும் பூனைக் கதவு: வாங்குவது எளிது, பொருத்துவதுதான் வேலை

வீட்டுக் கதவில் பூனைக்கென்று ஒரு சின்னக் கதவு வைக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கியது, பூனையின் உடம்பில் உள்ள மைக்ரோசிப்பைப் படித்துத் தாழ் திறக்கும் வகை. கருவி நல்ல கருவி. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம். குறைத்த அந்த ஒரு நட்சத்திரம் கூடவே வந்த தாளுக்கும் திருகுகளுக்கும்.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். எங்கள் பூனை மிளகு பின்கதவுக்கு முன்னால் நின்று கத்துவாள். எழுந்து போய்த் திறந்தால் வெளியே போக மாட்டாள். வாசற்படியில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு காற்றை மோந்து பார்த்து நிற்பாள். அலுத்துப்போய்க் கதவைச் சாத்தினால் மறுபடி கத்தல். சரி, ஒரு ஓட்டையும் அதற்கு ஒரு மடலும் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அக்கம்பக்கத்தில் ஒரு கடுவன் திரிகிறது. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் பட்டையாக வெள்ளை. அதனால் எங்கள் வீட்டில் அதற்கு வக்கீல் என்று பெயர். திறந்திருக்கும் ஜன்னல் வழியாக வந்து மிளகின் தட்டைக் காலி செய்துவிட்டு, போகும்போது சோபா ஓரத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் போகும். அதற்கும் சேர்த்து வழி திறந்துவிட எங்களுக்கு மனமில்லை.

பூனைக் கதவில் பல தினுசு உண்டு. சாதாரண மடல் யார் தள்ளினாலும் திறக்கும். காந்த வகைக்குப் பூனையின் கழுத்துப்பட்டையில் ஒரு காந்தம் மாட்ட வேண்டும். அதே மாதிரி காந்தம் மாட்டிய வேறு எந்தப் பூனைக்கும் அது திறந்துவிடும். போதாததற்கு வழியில் கிடக்கும் ஊசி, ஆணியெல்லாம் பூனையின் கழுத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். பட்டையைத் தொலைத்துவிட்டு வந்தால் பூனை வெளியேதான். சிப்பைத் தொலைக்க முடியாது என்பதால் இந்த வகையை எடுத்தேன். வக்கீல் மாதிரி யாரும் உங்கள் பக்கம் வருவதில்லை என்றால் இதற்குச் செலவு செய்யத் தேவையே இல்லை, சாதாரண மடலே போதும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள்: மருத்துவரிடம் பூனையைக் கொண்டுபோய் சிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். அரிசிமணி அளவு இருக்கும் இந்த சிப்புக்குள் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவியின் சுருள் அனுப்பும் அலையில்தான் அது உயிர் பெற்றுத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. இப்போது பரவலாகப் போடப்படுபவை 134.2 கிலோஹெர்ட்ஸில் பேசும் 15 இலக்க சிப்புகள். பழைய சிப்புகளில் வேறு அலைவரிசையும் குறைந்த இலக்கங்களும் உண்டு. எல்லாக் கதவும் அவற்றைப் படிக்காது. இன்னொன்று, சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவேதான் போடுவார்கள், ஆனால் சில பூனைகளுக்கு அது நாளாவட்டத்தில் நகர்ந்துவிடும். மிளகுக்கு இடது தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. மருத்துவர் வழக்கமான இடத்தில் கருவியை வைத்தார், சத்தமே இல்லை. கையைப் பக்கவாட்டில் இறக்கிய பிறகுதான் பீப் என்றது. கதவுக்குள் நுழையும்போது பூனையின் தலையும் தோளும்தான் முதலில் சுரங்கத்துக்குள், அதாவது பூனைக் கதவின் குழாய் போன்ற நடுப்பகுதிக்குள், வரும் என்பதால் இந்த அளவு நகர்வு பரவாயில்லை என்றார். அப்படித்தான் ஆயிற்று. விலாவுக்கோ மார்புக்கோ போய்விட்ட சிப் என்றால் யோசிக்க வேண்டும்.

இனி ஓட்டை. எங்கள் அத்தைக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. "நல்லா இருக்கிற கதவுல யாராவது ஓட்டை போடுவாங்களாம்மா?" என்று ட்ரில்லை எடுக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். இங்கிலாந்தில் எக்ஸிடர் தேவாலயத்தில் வானியல் கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் பழைய கதவில், எலி பிடிக்கப் போகும் பூனைக்காக வெட்டிய வட்டமான ஓட்டை இன்றைக்கும் இருக்கிறது என்று படத்தைக் காட்டினேன். "அது கோயில், இது வீடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டிக்குள் வெட்டு அளவு அச்சிட்ட தாள் ஒன்று வருகிறது. கதவில் ஒட்டி, கோட்டின்மேல் வெட்டினால் முடிந்தது என்கிறது. எந்த உயரத்தில் ஒட்டுவது? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த வேலையில் மிக முக்கியமான அளவே அதுதான். பூனை நிற்கும்போது தரையிலிருந்து அதன் அடிவயிறுவரை அளந்துகொள்ளுங்கள். ஓட்டையின் கீழ்விளிம்பு அந்த உயரத்தில் வர வேண்டும். சராசரிப் பூனைக்குப் பத்திலிருந்து பதினைந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும். அதற்கு மேலே வைத்தால் பூனை ஒவ்வொரு முறையும் தாவ வேண்டும், வயதாகி மூட்டு இறுகும்போது கஷ்டம். கதவுக்கு வெளியே படி இருந்தால் தரை அங்கே இன்னும் தாழ்வாக இருக்கும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியே ஒரு பலகையோ செங்கல்லோ போட்டு மட்டத்தைச் சமன் செய்தால் போதும். தாழ்ப்பாளுக்கு எட்டும் தூரத்தில் ஓட்டை வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்; மனிதக் கையும் அதற்குள் நுழையும்.

தாளை ஒட்டியதும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கதவின் கீழ்விளிம்பு நேராக இருக்கும் என்று நம்பக் கூடாது. ஓட்டை சற்றுச் சாய்ந்தாலும் மடல் நடுவில் வந்து நிற்காது, தாழ் சரியாக விழாது.

எங்கள் பின்கதவு ஃப்ளஷ் டோர். தட்டிப் பார்த்தால் ஓரத்தில் மரச்சத்தம், நடுவில் டொக்கென்று வெற்றுச்சத்தம். இரண்டு பக்கமும் மெல்லிய பலகை, நடுவில் பெரும்பாலும் காற்று. முதலில் வெட்டுக்கோடு நெடுக மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் மறுபடி கோடு போட்டேன். ஜிக்சா பிளேடின் பல் மேல்நோக்கி இழுக்கும்போதுதான் வெட்டும், அதனால் நம்மைப் பார்க்கும் முகத்தில்தான் சிராய் பெயரும். டேப் அதைக் கட்டுப்படுத்தும். நான்கு மூலையிலும் கோட்டுக்கு உட்புறமாக, பிளேடு நுழையும் அளவுக்கு ட்ரில் போட்டுக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு மெதுவாக அறுத்துப் போனேன். கடைசிப் பக்கம் முடியும்போது வெட்டிய துண்டை ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் அது தன் கனத்திலேயே ஒடிந்து ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு விழும். என் மகன் பிடித்துக்கொண்டான்.

துண்டு வெளியே வந்ததும் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி மடித்த அட்டை. குறிப்பேட்டில் இப்படிப்பட்ட கதவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதன்மேல் அப்படியே சட்டத்தை வைத்துத் திருகினால் என்ன ஆகும்? இரண்டு பலகையும் உள்வாங்கி அமுங்கிவிடும். ஆகவே ஓட்டையைச் சுற்றி அட்டையை விரல் அகலத்துக்குப் பின்னுக்குத் தள்ளி, கதவின் உட்கனத்துக்குச் சரியாக அறுத்த ரீப்பர் துண்டுகளை நான்கு பக்கமும் பசை போட்டுச் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்கி, நன்றாகக் காயவிட்டேன். பிறகு உப்புத்தாள், ப்ரைமர், பெயின்ட். வெட்டிய ஓரத்துக்கு பெயின்ட் அடிப்பதைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடாதீர்கள். மழைத்தண்ணீர் முதலில் உறிஞ்சப்படுவது அங்கேதான், கதவு ஊதினால் அப்புறம் நிலையில் சாத்தவே முடியாது.

திருகுகள் இரண்டு நீளத்தில் வந்தன. ஒன்று எங்கள் கதவுக்குக் குட்டை, மற்றது நெடுசு. நெட்டையானதை முழுக்க முடுக்கினால் மரை முடிந்துபோகிறது, சட்டம் மட்டும் லேசாக ஆடுகிறது. கடைசியில் ஹார்டுவேர் கடையில் அதே தடிமனில் நடு நீளம் வாங்கித்தான் வேலை முடிந்தது. இவ்வளவு விலைக்கு விற்கிறவர்கள் மூன்றாவதாக ஒரு ஜோடி போட்டால் என்ன? முடுக்கும்போது கையால் மட்டும் முடுக்குங்கள். அதிகம் இறுக்கினால் பிளாஸ்டிக் சுரங்கம் நெளியும், மடல் ஓரத்தில் உரசும். ஒரு தாள் துண்டை மடலுக்கும் சட்டத்துக்கும் இடையில் விட்டுச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தேன். எங்கே மாட்டுகிறதோ அந்தப் பக்கத் திருகைக் கால் சுற்று தளர்த்தினால் சரியாகிவிட்டது. வெளிப்பக்கம் மேலேயும் இரு பக்கமும் சிலிகான் போட்டேன். கீழே போடவில்லை, உள்ளே போன தண்ணீர் வெளியேற ஒரு வழி வேண்டுமே.

இரும்புக் கதவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுற்றிலும் உலோகம் இருந்தால் சிப் படிக்கும் தூரம் குறையும். ஓட்டையைப் பெரிதாக வெட்டி, உலோகம் சுருளை விட்டு விலகி நிற்கும்படி ஒரு பிளாஸ்டிக் அல்லது மரச் சட்டம் வைத்து அதில்தான் பொருத்த வேண்டும். தீத்தடுப்புக் கதவு என்றால் தொடவே வேண்டாம்.

பூனையைப் பதிவு செய்வது விளையாட்டுக் காரியம். ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் பூனையை உள்ளே தலை நீட்ட வைத்தால் எண்ணை நினைவில் வைத்துக்கொள்கிறது. மிளகைத் தலை நீட்ட வைப்பதுதான் பெரிய பாடு. மடலை டேப்பால் மேலே தூக்கிக் கட்டிவிட்டு, மறுபக்கம் அவளுக்குப் பிடித்த தீனியோடு உட்கார்ந்தேன். வெறும் ஓட்டை என்றால் அவளுக்கு ஆட்சேபணை இல்லை, உடனே வந்தாள். மடலைப் பாதி இறக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிடித்துத் தள்ளக் கூடாது, தள்ளினால் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். அதைவிடப் பெரிய தடை தாழின் சத்தம். சிப்பைப் படித்ததும் மோட்டார் 'க்ளிக்'கென்று தாழை இழுக்கும். நமக்கு அது பேனா மூடும் சத்தம். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, பூனையின் காது 60ஐயும் தாண்டிப் போகும். அவளுக்கு அது என்னவாகக் கேட்கிறதோ, மூக்குக்கு முன்னாலேயே கேட்கிறது வேறு. மடலைக் கட்டி வைத்தபடியே தாழை மட்டும் வேலை செய்ய விட்டு, ஒவ்வொரு 'க்ளிக்'குக்கும் ஒரு தீனி கொடுத்தேன். மெல்ல மெல்ல வழிக்கு வந்தாள். இப்போது க்ளிக் கேட்டால் நாக்கைச் சுழற்றிக்கொண்டு வருகிறாள்.

வக்கீல் வந்தாரா? வந்தார். தலையால் முட்டிப் பார்த்தார், திறக்கவில்லை. பிறகு எதிர்பாராத ஒன்று செய்தார்: நகத்தை மடலின் கீழ்விளிம்பில் மாட்டித் தன் பக்கமாக இழுத்தார். இந்த வகைக் கதவில் வழக்கமான தாழ் உள்ளே தள்ளுவதைத்தான் தடுக்கிறது. வெளியே போகும் பூனைக்காக வெளிப்பக்கமாகத் தாராளமாகத் திறக்கும். அவ்வளவுதான், ஆள் உள்ளே. இதற்கு மாற்று இருக்கிறது, ஆனால் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் தாழ் விழும்படி ஒரு முறையைப் போட்டுவிடலாம்; உள்ளிருந்து பூனை நெருங்குவதை உணர்ந்தால் மட்டும் விடும். சத்தமும் பேட்டரிச் செலவும் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. வக்கீல் இப்போது வெளியே உட்கார்ந்து மடலைப் பார்த்துக்கொண்டிருப்பதோடு சரி. அது மிளகுக்குச் சங்கடம்தான், கண்ணாடி போன்ற மடல் வழியாக முகம் தெரிகிறதே. மடலின் கீழ்ப்பாதியில் ஒளி மட்டும் ஊடுருவும் காகிதத்தை ஒட்டினேன். தண்ணீர்க் கிண்ணத்தையும் கதவை விட்டுத் தள்ளி வைத்தாயிற்று.

பேட்டரி நான்கு டபுள் ஏ. சாதாரண ஆல்கலைனே போடுங்கள். ரீசார்ஜ் செய்கிற பேட்டரி 1.2 வோல்ட்தான், ஆல்கலைன் 1.5, அதனால் நிறைய இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று சிவப்பு விளக்கு மின்னும். அந்த விளக்கை அலட்சியம் செய்ய வேண்டாம், பேட்டரி செத்தால் வெளியே போன பூனைக்குத் தாழ் திறக்காது. உணரும் கண்ணில் முடி படிந்தால் தாழ் திறப்பது தாமதமாகிறது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். பேட்டரி மூடியின் கொக்கி மட்டும் மகா மெல்லிசு. உடைந்தால் தனியாக வாங்க வழி இருக்கிறதா என்று விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.

இதைப் பார்த்துவிட்டு என் தங்கை தன் வீட்டுக் கதவின் படத்தை அனுப்பி, "எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, அக்கா" என்றாள். முழுக் கண்ணாடிக் கதவு, மூலையில் கடினக் கண்ணாடி முத்திரை. கடினப்படுத்திய கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. தொட்டாலே முழுதும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். ஓட்டையோடு வெட்டிப் பிறகு கடினப்படுத்திய புதுக் கண்ணாடி செய்யச் சொல்லித்தான் மாட்ட வேண்டும். கண்ணாடிக்காரரிடம் கதவின் அளவையும் ஓட்டையின் அளவையும் கொடுத்து விலை கேட்கச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தொகையைக் கேட்டுவிட்டுத்தான் கருவியை வாங்க வேண்டும் என்பது அவளுக்கு நான் போட்ட நிபந்தனை.