பங்காளிகள் நிலம்: கூட்டுப் பட்டாவிலேயே தொடர்வதா, தனிப்பட்டாவாகப் பிரிப்பதா?

வரப்பு போட்டு ஆளுக்கொரு பக்கம் உழுதுகொண்டிருக்கும் குடும்பங்களில்கூட, பட்டாவில் இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரே இருப்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரவலாகக் காணலாம். இதைச் சரிசெய்யப் பெயர் மாற்றம், உட்பிரிவு (புல எண்ணைப் பிரித்து ஆளுக்கொரு பட்டா பெறுவது), நீதிமன்றம் என மூன்று வழிகள் உண்டு.

உட்பிரிவு இல்லாத பெயர் மாற்றமே எளியது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைத்து விண்ணப்பித்தால், நில அளவை இல்லாமலேயே வாரிசுகள் அனைவரின் பெயரும் கூட்டுப் பட்டாவில் ஏறிவிடும். ஆனால் அதில் மொத்தப் பரப்பு மட்டுமே இருக்கும். வடபுறம் யாருடையது, தென்புறம் யாருடையது என்பதை அந்தத் தாள் சொல்லாது. ஒருவர் கடன் வாங்கவோ விற்கவோ முனையும்போதுதான் இந்தக் குறை உறைக்கும். சகோதரிகளின் பெயரை விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் ஏற்றிக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. இந்து குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பதை 1989-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் கொண்டுவந்தன. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது.

எல்லோரும் கையெழுத்திட இசைந்தால், செலவானாலும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து உட்பிரிவு செய்வதே நல்லது என்பேன். குடும்பத்தாருக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை 1 விழுக்காடுதான். 2023 ஜூலையில் பங்கு ஒன்றுக்கான அதன் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகவும், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. அதன்பின் சர்வேயர் அளந்து புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) கோடு போட, 142/3 என்ற புல எண் 142/3ஏ, 142/3பி என்று பிரிந்து அவரவருக்குத் தனிப்பட்டா வரும்.

சிக்கல் எழுவது இந்த இடத்தில்தான். மூன்று பேருக்குத் தலா ஒரு ஏக்கர் என்று பத்திரத்தில் எழுதியிருப்பார்கள். பட்டாவிலோ 1 ஹெக்டேர் 17 ஏர், அதாவது சுமார் 2 ஏக்கர் 89 சென்ட்தான் இருக்கும். குறையும் 11 சென்ட்டை யார் தாங்குவது என்று பத்திரம் சொல்லாதபோது சர்வேயரால் எல்லைக் கோடு போட முடியாது, மனு தள்ளுபடியாகும். ஆகவே முதலில் அளந்து, ஒவ்வொரு பங்கின் நான்கு பக்க அளவுகளையும் மீட்டரில் குறித்து வரைபடமாக்கி, அதைப் பத்திரத்தோடு இணைத்துப் பதிவதே முறை.

ஒரு பங்காளி கையெழுத்திட மறுத்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போடுவதைத் தவிர வழியில்லை. பட்டா வருவாய்த்துறைப் பதிவே அன்றி உரிமை மூலம் ஆகாது என்பதால், உரிமைத் தகராறை வட்டாட்சியர் தீர்த்துவைக்க முடியாது. முதல்நிலைத் தீர்ப்பு, நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரின் அளவை, இறுதித் தீர்ப்பு என ஆண்டுகள் ஓடும். அதுவரையிலும் கூட்டுப் பட்டாவில் எல்லா வாரிசுகளின் பெயரும் இருந்தால், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் முழு நிலத்தையும் விற்பதாவது கடினமாகும்.

எந்த வழியில் பிரித்தாலும், பொதுக் கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை, வண்டிப்பாதை எத்தனை மீட்டர் அகலம் என்பவற்றையும் மறவாமல் எழுத வேண்டும். தனிப்பட்டா கிடைத்த பிறகும் பங்காளிகள் மோதிக்கொள்வது பெரும்பாலும் இவ்விரண்டுக்காகத்தான்.