முதுகு வளைந்த பிள்ளைக்கு எது: காத்திருப்பா, பயிற்சியா, பெல்ட்டா, ஆபரேஷனா?

பிள்ளையின் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவதை, அதாவது ஸ்கோலியோசிஸை, பல வீடுகளில் முதலில் காட்டிக்கொடுப்பது பாடசாலைச் சீருடைதான். கவுனின் கரை ஒரு பக்கம் இரண்டு விரல் ஏறி நிற்கும், ஒரு தோள் தாழ்ந்திருக்கும். உடனே "புத்தகப் பை கனம்", "மேட்டுக்குத் தண்ணீர் தூக்கினாள்" என்று பழி தேடுவார்கள். பை கனத்தால் முதுகு நோகலாம், ஸ்கோலியோசிஸ் வராது. பத்து வயதுக்குமேல் வரும் வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமே தெரிவதில்லை. 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 2, 3 பேருக்கு இது உண்டு. பிள்ளையைத் திட்டாதீர்கள்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். முதுகு தெரிய நிற்கவைத்து, பாதம் இரண்டையும் சேர்த்து, முழங்கால் மடங்காமல், உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகக் குனியச் சொல்லுங்கள். முதுகு படுக்கையாக வரும்போது உங்கள் கண்ணையும் அந்த மட்டத்துக்கு இறக்கிப் பின்னாலிருந்து பாருங்கள். விலாவோ இடுப்போ ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால், வாங்கில் உட்காரவைத்து மறுபடி குனியச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் மேடு மறைந்தால் கால் நீள வித்தியாசமாக இருக்கலாம். மறையாவிட்டால் எக்ஸ்ரே தேவை. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கால் பலம் குறைதல், சிறுநீர் அடக்க முடியாமை, முதுகில் மயிர்க்கொத்து இருந்தால் தாமதிக்கவே வேண்டாம். அப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றியும் வைத்தியர் யோசிப்பார்.

எந்த வழி என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வளைவு எத்தனை பாகை என்று எக்ஸ்ரேயில் அளக்கும் கொப் கோணம், பிள்ளை இன்னும் எவ்வளவு வளரும் என்பது. 10 பாகைக்குக் கீழே இருந்தால் அதை ஸ்கோலியோசிஸ் என்று சொல்வதில்லை. பெண் பிள்ளை பெரிய பிள்ளையான திகதியை வைத்தியர் கேட்பது எவ்வளவு வளர்ச்சி மிச்சம் என்று கணக்கிடத்தான். உயரம் மளமளவென்று கூடுவது அதற்கு முந்திய மாதங்களில். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டு வளர்ச்சி மிச்சமிருக்கும். சடங்கு வைத்த நாளை மறக்காத நம் வீடுகளுக்கு இது சுலபமான கணக்கு.

25 பாகைக்குக் கீழே காத்திருப்பதே சரி. ஆனால் காத்திருப்பது என்றால் 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் போவது. வீட்டில் சும்மா இருப்பதல்ல. கோணம் அளப்பதில் 5 பாகை வரை முன்பின் வரும். 18 என்றது 21 ஆனால் பதற வேண்டாம், 18 என்றது 26 ஆனால் அசட்டையாக இருக்க வேண்டாம். பழைய படத்தைக் கையோடு கொண்டுபோனால்தான் இந்த ஒப்பீடே நடக்கும்.

இந்தக் கட்டத்தில் பயிற்சி நல்ல துணை. வளைவின் உட்புறம் நோக்கி மூச்சை நிரப்பி, உடலை நீட்டி நிறுத்தும் பயிற்சியை ஃபிசியோதெரபிஸ்ட் அந்தப் பிள்ளையின் வளைவைப் பார்த்தே சொல்லித்தர வேண்டும். பெல்ட் தேவைப்படும் பிள்ளைக்குப் பயிற்சி மட்டும் போதாது. எண்ணெய் தடவி நீவுவது தசைக்கு இதம் தரும், எலும்பின் வளைவை நிறுத்தாது. நீவி நீவிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆறு மாதம்தான் கோணம் ஏறும் ஆறு மாதம்.

வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 பாகை என்றால் பெல்ட். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பார்மசியில் விற்கும் இழுபடும் முதுகுப் பட்டியும் "பெல்ட்"தான், உடம்பை அளவெடுத்துச் செய்யும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடும் "பெல்ட்"தான். முன்னது நிமிர்ந்து உட்கார ஞாபகப்படுத்தும், அவ்வளவே. பின்னதுதான் உள்ளே வைத்த பஞ்சுத் திண்டுகளால் வளைவைத் தள்ளிப் பிடிக்கும். 2013இல் வெளியான பெரிய அமெரிக்க, கனேடிய ஆய்வில் இந்தக் கெட்டி பெல்ட் போட்டவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு 50 பாகையை எட்டவில்லை. வெறுமனே கவனிக்கப்பட்டவர்களில் அது 48. நாளுக்குச் சராசரி 13 மணி நேரத்துக்குமேல் போட்டவர்களில் 90ஐத் தாண்டியது. பெல்ட் முதுகை நேராக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை.

நுவரெலியாக் குளிரில் பெல்ட் போடுவது கொழும்பு வெக்கையைவிடச் சுலபம். தொல்லை ஈரம்தான். உள்ளே போடும் பருத்தி பெனியன் மழைக்காலத்தில் காயாது, ஈரத்தோடு போட்டால் தோல் புண்ணாகும். ஐந்தாறு பெனியனாவது வேண்டும். தையல் விளிம்பு வெளிப்பக்கம் வர, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டுப் போடுங்கள். கிரீமும் பவுடரும் வேண்டாம். கழற்றி அரை மணிக்குள் மறையும் சிவப்பு பரவாயில்லை, மறையாவிட்டால் திண்டைச் சரிசெய்யக் கொண்டுபோக வேண்டும். முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் தொடங்கி இரண்டு வாரத்தில் வைத்தியர் சொன்ன அளவுக்குக் கூட்டுங்கள். குளிக்கவும் விளையாடவும் கழற்றலாம். வயிறு இறுகுவதால் சோற்றைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள். உயரம் கூடக் கூட பெல்ட் சிறிதாகிவிடும். அப்போது புதிது செய்யாவிட்டால் போட்டும் பயனில்லை.

45, 50 பாகையைத் தாண்டினால் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். வளர்ச்சி நின்ற பிறகும் அந்த அளவு வளைவு ஆண்டுக்குச் சுமார் ஒரு பாகை ஏறக்கூடும் என்பதே காரணம். திருகாணியும் உலோகக் கம்பியும் வைத்து எலும்புகளை ஒன்றாக ஒட்டவைப்பார்கள். வளைவு நன்றாகக் குறையும், ஒட்டிய பகுதி மட்டும் இனி மடங்காது. கிருமித்தொற்றும், அரிதாக நரம்புப் பாதிப்பும் வரலாம். எத்தனை எலும்பை ஒட்டப்போகிறார்கள், எங்கே முடிகிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். இடுப்பை நெருங்க நெருங்கக் குனிவது குறையும்.

அரச வைத்தியசாலையில் கிளினிக்குக்குப் பணமில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொண்டு கண்டிக்கோ பதுளைக்கோ எலும்பியல் கிளினிக்குக்குப் போங்கள். பழைய எக்ஸ்ரே, பெரிய பிள்ளையான திகதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் குறித்த உயரம், பெல்ட் போட்ட மணிக்கணக்கு எழுதிய கொப்பி, இவை பையில் இருக்கட்டும். பெல்ட்டைக் கையில் எடுத்துப் போகாமல் பிள்ளை போட்டுக்கொண்டே போக வேண்டும். திண்டு சரியான விலாவில் அழுத்துகிறதா என்று போட்ட நிலையில்தான் பார்க்க முடியும்.