காவலுக்கு எந்த ரோச்: விலை கூடினதோ, சந்தையில விக்கிறதோ

நெடுங்கேணிப் பக்கத்துத் தம்பி ஒராள் போனில கேட்டவர், அண்ணை நீங்கள் வச்சிருக்கிற அந்த வெளிநாட்டு ரோச் இப்ப கொழும்பில விலை இறங்கியிருக்காம், வயல் காவலுக்கு எடுக்கலாமோ, இல்லாட்டி சந்தையில விக்கிற சூம் ரோச்சே காணுமோ எண்டு. ரெண்டு சொல்லில முடிப்பம் எண்டு தொடங்கின கதை, போன் சார்ச் முடியிற மட்டும் போட்டுது. அதுக்குப் பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கேல்ல. அதால எழுதிவிடுறன்.

பேர் சொல்லமாட்டன். ஒண்டு பேர்போன கம்பனிச் சாமான், சுவிசில இருந்து மச்சான் வரேக்க கொண்டந்து தந்தவர். மற்றது புதுக்குடியிருப்புச் சந்தையில பிளாஸ்ரிக் வாளி, செருப்போட சேத்துக் குவிச்சு வச்சு விக்கிற சாமான், அதுக்குப் பேரே இல்லை. 2022இல டொலர் 360 ரூபாய்க்குக் கிட்டப் போன நேரம் முதலாவதின்ரை விலையைக் கொழும்பில விசாரிச்சுப்போட்டு நான் வாயே திறக்கேல்ல, பிறகு டொலர் இறங்கினதால கொஞ்சம் மனுசர் கேக்கிற விலைக்கு வந்திருக்கு. எண்டாலும் அந்தக் காசுக்குச் சந்தை ரோச் பத்துக்கு மேல வாங்கலாம்.

உள்ளுக்குப் பாத்தா ரெண்டும் ஒண்டுதான். ஒரு அலுமினியக் குழாய், ஒரு எல்ஈடி, 18650 எண்டுற ஒரு சார்ச் பற்றரி. பிறகேன் இந்த விலை எண்டு கேட்டா, இருட்டில பிடிச்சுப் பாத்தாத்தான் விளங்கும்.

முதல்ல நல்லதைச் சொல்லுறன், பிறகு எனக்குக் கோவம் வந்திடும். வெளிச்சத்தின்ரை நிறம். சந்தை ரோச் நீலம் கலந்த வெள்ளை, மார்கழியில பனி இறங்கேக்க அடிச்சா வெளிச்சம் முழுக்கப் பனியில பட்டு எங்கடை முகத்துக்கே திரும்பி வரும், முன்னால வெள்ளைத் திரை மாதிரி, அங்கால ஒண்டும் விளங்காது. விலை கூடினது கொஞ்சம் மஞ்சள் பிடிச்ச வெள்ளை, அதில மண் மண்ணாத் தெரியும், வைக்கோல் வைக்கோலாத் தெரியும், பண்டி பண்டியாத் தெரியும். இந்தக் கடைசி விசயம் சின்ன விசயம் இல்லை. மாடு, மான், நரி எல்லாத்துக்கும் ரோச் அடிச்சாக் கண் மின்னும், கண்ணுக்குப் பின்னால வெளிச்சத்தைத் திருப்பி விடுற ஒரு படலம் கிடக்கு அதுகளுக்கு. பண்டிக்கு அந்தப் படலம் இல்லை. கண் மின்னேல்லத்தானே, ஒண்டும் இல்லையெண்டு திரும்பிப் படுத்தா விடிய எழும்பி வந்து பாக்கேக்க கச்சான் பாத்தி உழுதுபோட்ட மாதிரிக் கிடக்கும். பண்டியை நிறத்திலையும் அசைவிலையும்தான் பிடிக்கவேணும், அதுக்கு நிறம் சரியாக் காட்டுற ரோச் வேணும். இந்த ஒரு விசயத்தில விலை கூடினதுக்குக் கிட்டவும் சந்தை ரோச் வராது.

தூரமும் அப்பிடித்தான். சந்தை ரோச்சின்ரை மூக்கை முன்னுக்கு இழுத்தா வெளிச்சம் ஒடுங்கித் தூரத்துப் பாலை மரத்தில ஒரு சதுரமா விழும், வடிவாப் பாத்தா அந்தச் சதுரத்துக்குள்ள மெல்லிய கோடுகளும் தெரியும். அது வேற ஒண்டும் இல்லை, எல்ஈடி சிப்பின்ரை படம்தான் லென்சால போய் அங்க விழுகுது. சதுரத்துக்கு வெளியில எல்லாம் கும்மிருட்டு. ஆனை அந்தச் சதுரத்துக்குள்ள வந்து நிண்டு தந்தாச் சரி. மற்றது நடுவில கூரா, சுத்திவரப் பரவலா விழும், தூரத்தையும் பாக்கலாம் காலடியில பாம்பையும் பாக்கலாம். பெட்டியில 300 மீற்றர் எண்டு போட்டிருக்குது எண்டு மட்டும் நம்பி ஏமாறாதையுங்கோ தம்பி. அந்தக் கணக்கு வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு இறங்குற இடத்தை வச்சுப் போடுறது, அதாவது நல்ல நிலவு எறிக்கிற அளவு. 300 மீற்றரில நிக்கிறது ஆனையோ பத்தையோ எண்டு அந்த வெளிச்சத்தில ஆராலையும் சொல்லேலாது. பாதித் தூரத்தை மட்டும் கணக்கில எடுங்கோ.

இனி என்ரை வயித்தெரிச்சல்.

உந்த விலை கூடின ரோச்சில உச்ச வெளிச்சம் நாலைஞ்சு நிமிசத்துக்குத்தான். பிறகு தானாக் குறையும். பற்றரி இறங்கி இல்லை, சூடு ஏறுறதால. எல்ஈடிக்குப் போற கறண்டில பெரிய பங்கு சூடாத்தான் வெளியில வரும், அந்தச் சூட்டை அலுமினிய உடம்பு காத்துக்கு விடவேணும், விட முடியாட்டி உள்ளுக்கிருக்கிற சேர்க்கிற் கறண்டைக் குறைக்கும். எல்ஈடி எரிஞ்சு போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு, நான் இல்லையெண்டு சொல்லேல்ல. சுவிசில பனிக்குள்ள கையுறை போட்டுக்கொண்டு பிடிச்சாக் கனநேரம் நிக்கும்போல. வன்னியில பங்குனி இரவில காத்தே அசையாத நேரம் பிடிச்சுப் பாருங்கோ, சோத்துப்பானை மாதிரிக் கொதிக்கும், கொதிச்ச கையோட இறங்கும்.

இறங்குறதும் டக்கெண்டு இறங்கினா எங்களுக்கு விளங்கும். இது கள்ளன் மாதிரி மெல்ல மெல்ல இறங்கும், கண்ணும் அதோட சேந்து பழகிக்கொண்டு போகும், கடைசியில தூரத்து வரம்பு தெரியேல்ல எண்டேக்கதான் ஏதோ பிழை எண்டு விளங்கும்.

போன காலபோகம், கதிர் முத்தி வெட்டுக்கு நிண்ட நேரம். ஒரு தனியன் ஆனை காட்டோரத்தில வந்து நிண்டிட்டுது. வரேக்க சத்தம் இல்லை, கொப்பு முறியிற சத்தம் ஒண்டுதான், பிறகு அந்த மணம். நான் கொட்டில்ல இருந்து உச்ச வெளிச்சத்தில பிடிச்சன். காது விசிறுறது தெரிஞ்சுது, முதுகில தானே அள்ளிப் போட்ட செம்மண் காஞ்சு வெடிச்சுக் கிடந்தது வரைக்கும் தெரிஞ்சுது, அவ்வளவு நல்ல வெளிச்சம், கம்பனிக்காரனுக்கு மனசுக்குள்ள கும்பிடும் போட்டன். ஆனை போகேல்ல. முன்னுக்கும் வரேல்ல. ஒரு காலைத் தூக்கிறதும் வைக்கிறதுமா நிக்குது. நானும் பிடிச்சபடி நிக்கிறன். அங்கால பரணில இருந்து சித்தப்பா கத்துறார், "டேய் ஏன்ரா ரோச்சைப் பதிக்கிறாய், நிமித்திப் பிடி." நான் பதிக்கேல்ல சித்தப்பா எண்டு நானும் கத்துறன். ஆனை கறுப்பாகிக்கொண்டு போகுது, முதுகில கிடந்த செம்மண் காணேல்ல, பிறகு காதைக் காணேல்ல, பிறகு இருட்டுக்குள்ள ஒரு பெரிய இருட்டு மட்டும் நிக்குது. ரோச் கையில சுடுது.

திரும்ப உச்ச வெளிச்சம் வேணுமெண்டா என்ன செய்யவேணும் தெரியுமோ? நூத்துப்போட்டுத் திரும்பப் போடவேணும். ஆனைக்கு முன்னால நிண்டுகொண்டு ரோச்சை நூக்கிறது. உதைக் கண்டுபிடிச்சவரை ஒரு இரவைக்கு எங்கடை கொட்டில்ல கொண்டந்து விடவேணும், பிளேன்ரீ நாங்கள் ஊத்திக் குடுப்பம்.

சித்தப்பா தன்ரை சந்தை ரோச்சை அடிச்சுக்கொண்டு தகரத்தைத் தட்டினவர், மற்றப் பக்கத்தால பெடியள் ஆனைவெடி கொளுத்தினாங்கள், அது திரும்பிப் போட்டுது. ரோச்சாலதான் போனது எண்டு நான் சொல்லவே இல்லை. 2023இல மட்டும் இந்த நாட்டில 450க்கு மேல ஆனையளும் 150க்கு மேல சனமும் இந்தப் பிரச்சினையில செத்திருக்குது, ரோச் வெளிச்சத்தில முடியிற விசயமெண்டா எப்பவோ முடிஞ்சிருக்கும். துவக்கு வச்சிருக்கிறதெண்டா 1916ஆம் ஆண்டுச் சட்டம், வருசா வருசம் அனுமதி புதுப்பிக்கவேணும், எங்கடை பக்கத்தில அந்தக் கதையை ஆர் வாயில எடுக்கிறது. எங்களிட்டை இருக்கிறது ரோச்சும் தகரமும் தொண்டையும்தான், அதில ஒண்டு இடையில காலை வாரினாக் கோவம் வராதோ.

நியாயமும் சொல்லவேணும். சித்தப்பாவின்ரை ரோச் இறங்கேல்ல எண்டு அவர் இப்பவும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறார். அது இறங்கிறதுக்கு முதல்ல ஏறவேணும் எல்லோ? என்ரை ரோச் குறைஞ்ச பிறகு தாற வெளிச்சம்தான் அவற்றை ரோச்சின்ரை முழு வெளிச்சம், அதுவும் பற்றரி இறங்க இறங்க மங்கிக்கொண்டுதான் போகும், அதைக் கட்டுப்படுத்திற சேர்க்கிற் ஒண்டும் அதுக்குள்ள இல்லை. அதுமட்டுமில்லை, அந்தச் சுவிச். ஒருக்கா அமத்தினாக் கூட, பிறகு நடு, பிறகு குறைய, பிறகு மின்னி மின்னி எரியும், பிறகு கப்பல் தாழுற ஆக்கள் உதவி கேக்கிற மாதிரி விட்டு விட்டு எரியும். வயலுக்குள்ள கப்பல் எங்க தாழுது? அவசரத்தில அமத்தேக்க எது வரும் எண்டு தெய்வத்துக்குத்தான் தெரியும். தனியன் ஆனைக்கு மின்னி மின்னி அடிச்சா அதுக்கு விசர் கிளம்பும் எண்டு எங்கடை பழைய ஆக்கள் சொல்லுறவை, நான் சோதிச்சுப் பாக்க விரும்பேல்ல.

பற்றரிக் கதை தனிக் கதை. சந்தை ரோச்சோட வாற பற்றரியில 9900 மில்லி அம்பியர் மணி பிடிக்கும் எண்டு போட்டிருக்கும். பொய். 18650 எண்டுறது 18 மில்லிமீற்றர் அகலம், 65 மில்லிமீற்றர் நீளம், அந்த அளவுக்குள்ள நல்ல கம்பனியே 3500 மில்லி அம்பியர் மணி அளவிலதான் அடைக்கிறான். நகைக்கடைத் தராசில வச்சுப் பாத்தன், நல்ல பற்றரி 46 கிராம், சந்தைப் பற்றரி 30 கிராமும் வரேல்ல. பாரத்திலேயே தெரியுது உள்ளுக்கு எவ்வளவு கிடக்கெண்டு. அதால சந்தை ரோச் வாங்கிறாக்கள் அந்தப் பற்றரியை எறிஞ்சுபோட்டு நல்ல பற்றரி ஒண்டு போடுங்கோ, வேற ரோச் மாதிரி வேலை செய்யும். பற்றரி எண்டா எங்கடை சனத்துக்கு ஒரு தனி மரியாதை இருக்கு. 90களில வன்னிக்குள்ள ரோச் பற்றரி வரவிடாத சாமான், சைக்கிளைக் கவிட்டு வச்சு மிதிச்சு டைனமோவில ரேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். எங்களுக்கு 9900 எண்டு பொய்யெழுதி விக்கிறதுக்கு அவனுக்குத் துணிவு வேணும்.

விலை கூடினதில மற்ற வில்லங்கம் சார்ச் போடுறது. வால்ப்பக்கம் காந்தம், அதில வயரை டக்கெண்டு ஒட்டவேணும், பாக்க வடிவாத்தான் இருக்கும். கொக்கிளாய்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டை கொண்டுபோய்க் கடற்கரை மணலில வச்சிட்டு எடுத்தா வால் முழுக்கக் கறுத்த மண். அங்கால புல்மோட்டை மட்டும் இல்மனைற் எண்டுற கறுத்த இரும்புத் தாது கலந்த மண் எல்லோ, காந்தம் விடுமோ. சரி கடற்கரை வேண்டாம், வயலிலையாவது சும்மா இருக்குமோ எண்டாப் பொடிப்பொடியாக் கறள் இரும்பு வந்து ஒட்டும். எங்கடை மண்ணில இரும்புக்கு என்ன குறை. துணியால துடைச்சாப் போகாது, புளுரக் எண்டுற ஒட்டுற களியை அமத்தி அமத்தித்தான் எடுக்கவேணும், எடுக்காமல் சார்ச் போட்டாச் சூடாகும். இப்ப அந்த வயரும் எலி கடிச்சுப் போட்டுது. கடை கடையாக் கேட்டன், அந்த வயர் இந்தக் கம்பனிக்கு மட்டுமாம், இஞ்ச இல்லையாம். பற்றரியைக் கழட்டி வெளிச் சார்ச்சரிலதான் போடுறன்.

சந்தை ரோச் பழுதானா விசுவமடுவில போன் திருத்துற பெடியன் பாத்துக்கொண்டு நிக்கவே ஈயம் வச்சு ஒட்டித் தருவான், தேத்தண்ணிக் காசுதான். கண்ணாடிக்குள்ள பனித்தண்ணி போய் மங்கினாலும் வெயிலில கழட்டி வச்சாச் சரி. விலை கூடினதை அவனிட்டைக் குடுத்தனான், திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, அண்ணை பற்றரி மூடியை விட்டா இதின்ரை எல்ஈடிப் பக்கத்தைத் திறக்கிற இடமே இல்லை எண்டு கையில தந்திட்டான். ஆனா அதுக்குள்ள இண்டைவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி போகேல்ல, வாய்க்காலுக்குள்ள விழுந்து கிடந்து எடுத்தும் எரிஞ்சுகொண்டுதான் கிடந்தது, அதையும் எழுதத்தான் வேணும்.

தம்பிக்கு என்ரை பதில் இதுதான். சந்தை ரோச் ரெண்டு எடும், நல்ல பற்றரி மூண்டு எடும், ஒண்டு கொட்டில்ல ஒண்டு கையில, மிச்சக் காசை வேலிக்குப் போடும். ஆனைக்கு முன்னால தானா இறங்குற சாமானுக்கு அவ்வளவு காசு குடுக்காதையும்.

என்ரையை விக்கிறியளோ எண்டு மட்டும் கேக்காதையும். போன கிழமையும் ஒராள் காசோட வந்தவர், நல்ல விலை, இல்லையெண்டு அனுப்பிப்போட்டன். இண்டைக்கும் கொட்டிலுக்கு அதைத்தான் கொண்டுபோறன். ஆரும் வெளிநாட்டில இருந்து வாறாக்கள் இருந்தாச் சொல்லுங்கோ, அந்தக் காந்த வயர் ஒண்டு எடுப்பிக்கவேணும்.