சியும் ஃபோர்ட்ரானும் ஒரே புரோகிராமில்: 2017 முதல் என் அனுபவம்

தரமணியில் கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் புரோகிராமில் சமன்பாடுகளைத் தீர்ப்பவை, ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதிய பழைய சப்ரூட்டீன்கள் (தனித்தனி வேலை செய்யும் புரோகிராம் துண்டுகள்). கோப்பு வாசிப்பும் திரையும் சி மொழியில். சிக்கான ஜிசிசி, ஃபோர்ட்ரானுக்கான ஜிஃபோர்ட்ரான் என்ற இரண்டு கம்பைலர்களையும் (எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றுபவை) கொண்டு இவற்றை இணைப்பது என் பொறுப்பு.

முதல் வாரமே, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (இந்தப் பெயர் கிடைக்கவில்லை) என்று மறித்தது. சப்ரூட்டீன் கண்ணெதிரே இருக்கிறது, லிங்கரோ இல்லை என்கிறது! ஜிஃபோர்ட்ரான் பெயரைச் சிறிய எழுத்துகளாக்கி, கடைசியில் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்துவிடும். சி அப்படிச் செய்யாது. கம்பைலர் தரும் ஆப்ஜெக்ட் கோப்பின் மேல், அதிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் 'என்எம்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பெரிய 'டி' என்றால் அந்த சப்ரூட்டீன் அங்கேயே இருக்கிறது. 'யு' என்றால் வெளியே தேடப்படுகிறது.

சி பக்கத்தில் அடிக்கோட்டைக் கையால் சேர்த்து ஓராண்டு சமாளித்தேன். அந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன். கம்பைலர் மாறினால் பெயரிடும் முறையும் மாறலாம். ஃபோர்ட்ரான் 2003 பதிப்பு தந்த 'பைண்ட் சி' என்ற குறிப்பை சப்ரூட்டீனில் இட்டால் போதும், பெயரை நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

ஜிசிசியால் இணைத்தால் ஃபோர்ட்ரான் பகுதி ஓடத் தேவையான ரன்டைம் லைப்ரரி தானாக வராது. கடைசி இணைப்பை ஜிஃபோர்ட்ரானிடம் விட்டுவிடுங்கள்.

லிங்கர் பெயரை மட்டுமே பார்க்கிறது, வாதங்களின் (சப்ரூட்டீனுக்கு அனுப்பும் மதிப்புகளின்) வகையைப் பார்ப்பதில்லை. என்னை அதிகம் வாட்டியவை, பிழையே இல்லாமல் இணைந்த பிறகு வந்தவைதான். பழைய ஃபோர்ட்ரான் சப்ரூட்டீனுக்கு எழுத்துச்சரம் அனுப்பினால், அதன் நீளமும் வாதங்களின் கடைசியில் மறைவாகப் போக வேண்டும். ஜிசிசி 8 முதல் அந்த நீளம் நான்கு பைட் 'இன்ட்' அல்ல, 64 பிட் கணினியில் எட்டு பைட் ஆகும் 'சைஸ் டி'. வாதங்களின் வகையை சிக்குச் சொல்லும் என் அறிவிப்பில் 'இன்ட்' அப்படியே கிடந்தது. வாதங்கள் அதிகம் என்பதால் நீளம் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதி வழியே போயிற்று. மேல் நான்கு பைட்டுகளில் குப்பை. ஒரு நாள் ஓடும், மறுநாள் விழும். வேளச்சேரியில் தெருவெல்லாம் தண்ணீர் நின்ற ஒரு டிசம்பர் வாரம் முழுக்க, வீட்டிலிருந்தபடியே அதைத் தேடினேன்.

இன்னொன்றும் உண்டு. சி அணியை (எண்களின் அட்டவணையை) நிரை நிரையாக, அதாவது கிடைவரிசையாகச் சேமிக்கும், ஃபோர்ட்ரான் நிரல் நிரலாக, அதாவது செங்குத்து வரிசையாக. கட்டடத்தின் விறைப்பைக் குறிக்கும் அணி சமச்சீரானது, நிரையையும் நிரலையும் மாற்றினாலும் மாறாது என்பதால் இந்தத் தவறு அதில் தெரியவே இல்லை. செவ்வகமான சுமை அணியில்தான் விடை குளறியது. அதுவரை சரிபார்த்ததாக நினைத்த எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தேன்.

இப்போது சி அறிவிப்புகளை நான் எழுதுவதில்லை. ஜிசிசி 9 முதல் ஜிஃபோர்ட்ரானில் 'எஃப்சி புரோட்டோடைப்ஸ்' என்ற தெரிவு இருக்கிறது. 'பைண்ட் சி' இட்ட சப்ரூட்டீன்களுக்கு அதுவே எழுதித் தருகிறது. அடிக்கோட்டோடு இன்னும் மூன்று கோப்புகள் மிச்சம், பொங்கலுக்குள் மாற்றிவிடுவேன்.